கைக்காசு

என் ஜன்னலில் மருந்துச் சீட்டை நீட்டுகிறவர்களைவிடப் பழைய காசை நீட்டுகிறவர்கள்தான் அதிகம். கொல்லிமலையில் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். வேலைக்கு வந்த புதிதில், காய்ச்சலோடு வந்த ஒரு குழந்தையின் அரைஞாண் கயிற்றில் ஓட்டைக் காலணா ஒன்று தொங்குவதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? இது உலகப் போர் சமயத்துக் காசு, செம்பை மிச்சம் பிடிக்கத்தான் நடுவில் ஓட்டை போட்டார்கள் என்று குழந்தையின் அம்மாவிடம் ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன். அவ்வளவுதான். மருந்து குடுக்கற அம்மாவுக்குக் காசு பார்க்கத் தெரியும் என்று மலை முழுக்கப் பரவிவிட்டது.

அதன் பிறகு வந்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு நோயே கிடையாது. செல்போனில் ஏதாவது வீடியோவைப் பார்த்துவிட்டு வருவார்கள். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு வைத்திருந்தால் லட்சாதிபதி, இன்ன இரண்டு ரூபாய் நாணயம் இருந்தால் கார் வாங்கலாம் என்று அதில் ஒருவன் கத்திக்கொண்டிருப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நோட்டு என்னிடமே கிடக்கிறது, லட்சம் வருவதாக இருந்தால் நான் எதற்கு இங்கே நின்று இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்பேன். நியாயமான கேள்விதானே? ஆனாலும் என் முகத்தையே சந்தேகமாகப் பார்ப்பார்கள். லட்சத்தை நான் ஒருத்தியே அமுக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பு. இதே ஆட்களிடம் பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்துப் பாருங்கள், செல்லாதுங்க என்று திருப்பித் தள்ளுவார்கள். செத்துப்போன காசுக்கு லட்சம், உயிரோடு இருக்கிற காசுக்கு மரியாதை இல்லை.

எவ்வளவு பழசு என்று பார்த்துக் காசுக்கு விலை போடுவதில்லை. எத்தனை மிச்சம் இருக்கிறது, எவ்வளவு தேயாமல் இருக்கிறது, சேகரிப்பவர்கள் கேட்பது இந்த இரண்டைத்தான். ஆயிரம் வருஷத்துச் சோழர் செப்புக்காசு சில நூறு ரூபாய்க்குக் கிடைத்துவிடும், அவ்வளவு காசு மண்ணுக்குள்ளிருந்து கிளம்பியிருக்கிறது. வெள்ளைக்கார ராஜா ஒருவரின் அங்கியில் பொறித்த யானை, பார்த்தவர்கள் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்து, கலாட்டா ஆகி, அந்த ரூபாயைத் திரும்ப வாங்கி உருக்கிவிட்டார்கள். உருகாமல் தப்பியதற்கு இன்று தனி விலை. அதற்குப் பெயரே பன்றி ரூபாய்.

இன்னொரு விஷயம், காசைத் தேய்க்கவே கூடாது. இங்கே யாருக்கும் மண்டையில் ஏறாதது அதுதான். அந்தம்மாவிடம் காட்டப் போகிறோம், அழுக்காகவா கொண்டு போவது என்று புளியும் சாம்பலும் போட்டு விளக்கிப் பளபளவென்று கொண்டுவந்து நீட்டுவார்கள். அதன் மேல் அத்தனை காலமாகப் படிந்த நிறம் போயே போச்சு, விலையும் கூடவே போச்சு. நான் காசைக் கேட்டேனா, குத்துவிளக்கைக் கேட்டேனா என்று எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். திட்டு வாங்கிக்கொண்டு சிரித்தபடி போவார்கள். இந்த ஊர் ஜனங்களிடம் கோபத்தை நிறுத்தி வைக்கவே முடியாது.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கக் காரணம் அப்பா. ராசிபுரம் பக்கம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். செல்லாக்காசு, வெளிநாட்டுக் காசு, தலை தெரியாமல் தேய்ந்த காசு என்று கூட்ட நெரிசலில் யாராவது அவர் தலையில் கட்டிவிடுவார்கள். பஸ் முதலாளியிடம் அதைக் கட்ட முடியுமா? எல்லாம் என் கைக்கு வந்து சேரும். அப்பாவுக்குக் காசின் சரித்திரம் எதுவும் தெரியாது. ஆனால் பைக்குள் கையை விட்டுக் கட்டைவிரலால் தடவியே எட்டணாவா ஒரு ரூபாயா என்று சொல்லிவிடுவார். நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே அணா ஒழிந்துவிட்டது. அவர் வாயில் மட்டும் ஐம்பது பைசா எட்டணாதான், இருபத்தைந்து பைசா நாலணாதான்.

அப்படித்தான் எனக்குக் காசுகளின் பெயர் மேல் கிறுக்குப் பிடித்தது. நகைக்கடையில் நாம் பவுன் என்கிறோம், சவரன் என்கிறோம், இரண்டுமே வெள்ளைக்காரன் காசின் பெயர். துட்டு இருக்கிறதே, அது கடலோரம் வியாபாரம் பண்ண வந்த டச்சுக்காரன் விட்டுவிட்டுப் போனது. வராகனுக்கு அந்தப் பெயர் வந்தது அதில் இருந்த பன்றி முத்திரையால். பணம் என்பதே ஒரு காலத்தில் ஒரு காசின் பெயர்தான். துவரம்பருப்பு அளவில் ஒரு தங்கப்பொட்டு, கீழே விழுந்தால் வாசலைப் பெருக்கித்தான் தேட வேண்டும். காசு காணாமல் போய்விட்டது, பெயர் மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாக நின்றுவிட்டது. இதையெல்லாம் யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒருவர் வந்தார். திண்ணனூர் நாட்டுக்காரர், மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றி விவசாயம் பண்ணுகிறவர். பெயர் எதற்கு, மிளகுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். முதல் தடவை நன்றாக விளக்கிய காலணாவோடு வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அடுத்த தடவை அதே காசை நீட்டினார், அப்பிய சேற்றுக்குள் காசு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. என்னங்க இது என்றேன்.

"நீங்கதானுங்க தேய்க்கக் கூடாதுன்னீங்க. அதான் மறுபடியும் கொஞ்ச நாள் தோட்டத்துல பொதைச்சு வெச்சிருந்தேன்."

சிரிப்பை அடக்க முடியவில்லை. வரிசையில் நின்றவர்கள் அவரை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவருக்கு அடிக்கடி இருமல் வந்தது. நெஞ்சில் ஒரு சொட்டுச் சளி கிடையாது, டாக்டரே சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் யார் வீட்டிலிருந்தாவது ஒரு காசைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவார், நான் அதன் பெயரையும் கதையையும் சொல்லுவேன். ஒருநாள் வெறுங்கையோடு வந்து நின்றார். காசெல்லாம் தீர்ந்து போச்சு, சும்மாதான் வந்தேன் என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

கட்டிக்கொள்வது என்று நாங்கள் முடிவு பண்ணிவிட்டோம். ஆனால் அப்பா வேண்டாம் என்றால் நான் மாட்டேன், அதையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். நான் பார்மசி படிக்கும்போதே அம்மா போய்விட்டார். அதிலிருந்து அப்பாவுக்கு நான், எனக்கு அப்பா. அவர் மனசு கோணும்படி ஒரு கல்யாணம் எனக்குத் தேவையில்லை. நல்லவேளையாக அப்பா மலை, தூரம் என்றெல்லாம் முகம் சுளிக்கவில்லை. சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி இழுத்தபோது, உங்க பொண்ணையா கேட்டாங்க என்று வாயை அடைத்துவிட்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வார்த்தையில் வந்து கவிழ்ந்தது.

மிளகுக்காரரின் தாய்மாமன்தான் அந்த வீட்டில் நல்லது கெட்டது பேசுகிறவர். அவர் அப்பாவுக்குப் போன் போட்டு, சம்பிரதாயமாக நாலு வார்த்தை விசாரித்துவிட்டு, "கைக்காசு நாங்க குடுத்துர்றோமுங்க. நீங்க கை நீட்டி வாங்கிக்கிட்டீங்கன்னா பேச்சு முடிஞ்சுதுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஊரில் கைக்காசு என்றால் ஒருவர் தன் கையிலிருந்து போடுகிற பணம். கைக்காசு போட்டுச் செலவு பண்ணினேன் என்போமே, அது. அப்பாவின் காதில் விழுந்தது என்ன? பெண்ணுக்கு இவ்வளவு என்று ரொக்கம் தருகிறோம், வாங்கிக்கொண்டு பேச்சை முடி. அடுத்த நிமிஷம் எனக்குப் போன் வந்தது. என்னிடம் எவ்வளவு என்று பேசினார்கள், நான் எப்படிச் சம்மதித்தேன், அவர் என்ன ஆடா மாடா விற்கிறார் என்று பிடித்துக்கொண்டார். அப்பா என்னிடம் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. எனக்கு ஒன்றும் புரியாமல் நானும் பதிலுக்குக் கத்தினேன். எங்கள் வீட்டில் கோபம் பரம்பரைச் சொத்து.

மிளகுக்காரரைக் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர்கள் வீட்டில் பழைய வெள்ளி ரூபாய் ஒன்று இருக்கிறது. பெண் வீட்டார் வீடு பார்க்க வரும்போது அதைப் பெண்ணின் அப்பா கையில் வைப்பார்கள். அவர் வாங்கி விரலை மடக்கிக்கொண்டால் சம்மதம். கல்யாணத்தன்று அதே காசை அவர் மகள் கையில் கொடுப்பார், அவள் புருஷன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண்கள் எல்லாருமே கையில் அந்தக் காசோடுதான் வாசற்படி ஏறியிருக்கிறார்கள். கையிலிருந்து கைக்குப் போகிற காசு, அதனால் கைக்காசு. அப்பா வாங்க மறுத்தால்? மறுத்தால் சம்மதம் இல்லை என்று அர்த்தம், அப்புறம் எங்க சனம் மறுபடி அந்தப் பேச்சை எடுக்காதுங்க என்றார். சொல்லும்போது அவர் முகம் தொங்கிப் போயிருந்தது.

இதை அப்பாவுக்கு விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அது விலை கிடையாது, வழக்கம் என்றேன். வழக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் காசு காசு இல்லாமல் போய்விடுமா என்றார். ஒரு கண்டக்டரிடம் காசைப் பற்றிப் பேசி யாராவது ஜெயிக்க முடியுமா? கடைசியில், வீடு பார்க்க வருகிறேன், ஆனால் கை நீட்ட மாட்டேன், உறுதியாகச் சொல்லிவிடு என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வளைவு வளைவாக ஏறி வந்ததில் மூஞ்சி வெளுத்திருந்தது. அந்த டிரைவருக்குக் கியர் போடத் தெரியவில்லை என்று இறங்கியதும் முதல் புகார். வீடு பார்க்கப் போகும்போது கல்யாணப் பெண் கூடப் போகக்கூடாதாம். ஆனால் அந்த ஒற்றையடிப் பாதையில் அவரை வேறு யார் கூட்டிக்கொண்டு போவது? நானே முன்னால் நடந்தேன். வழியெல்லாம் அப்பா பேசவே இல்லை.

ஓட்டு வீடு, முற்றத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. சொந்தத் தோட்டத்துக் காப்பி கொடுத்தார்கள், நன்றாக இருந்தது, அப்பா அதையும் சொல்லவில்லை. தாய்மாமன் தாம்பாளத்தைக் கொண்டுவந்து அப்பாவுக்கு முன்னால் வைத்தார். வெற்றிலை, வாழைப்பழம், மஞ்சள், நடுவில் அந்த வெள்ளி ரூபாய்.

எனக்குப் புத்தி எங்கே போச்சோ. நான் பெண்ணாக வந்திருக்கிறேன் என்பதே மறந்துபோய், பார்த்த மாத்திரத்தில் குனிந்து காசை எடுக்கக் கையை நீட்டிவிட்டேன். தாய்மாமன் பதறிப்போய்த் தாம்பாளத்தை இழுத்தார். பொண்ணு இப்பத் தொடக் கூடாதுங்க என்றார். மிளகுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரிப்பதை நான் பார்க்காமல் இல்லை. ஆனாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். மொட்டை ராசா. இவருக்கு அடுத்து வந்த வெள்ளைக்கார ராஜாக்கள் எல்லாம் காசில் கிரீடம் வைத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கிரீடம் இல்லாமல் வழுக்கைத் தலையோடு இருப்பார். அந்த ரூபாய்க்கு இங்கே மொட்டை ராசா என்றே பேர்.

அப்பா கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. காசையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீதான் காசு பாக்கறவளாச்சே. இது என்ன பெறும்னு சொல்லு."

சரியாக மாட்டிக்கொண்டேன். பெரிய விலை சொன்னால், பார், உனக்கு விலை பேசுகிறார்கள் என்று எழுந்துவிடுவார். ஒன்றும் பெறாது என்றால் அந்த வீட்டாரை அவர்கள் முற்றத்திலேயே வைத்துக் கேவலப்படுத்தின மாதிரி. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். எத்தனையோ பேர் காசுக்கு வாய் கூசாமல் விலை சொன்னவள், எனக்கென்று வைத்த காசுக்கு விலை சொல்லத் தெரியாமல் விழித்தேன். அழுகை வந்துவிடும் போல இருந்தது. பொய் சொல்லலாம். ஆனால் அப்பா கேட்டால் எனக்குப் பொய் வராது.

ரொம்பத் தேய்ந்துவிட்டது என்றேன். எழுத்து பாதி இல்லை, ராசாவின் மூக்கே இல்லை, இவ்வளவு தேய்ந்ததைச் சேகரிக்கிறவர்கள் வாங்க மாட்டார்கள், கடையில் போட்டால் வெள்ளி எடைக்குத்தான் எடுப்பார்கள் என்றேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். தாய்மாமன் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். எழுந்திருக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அப்போது கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்ற மிளகுக்காரரின் அம்மா பேசினார்.

"அந்த மூக்கத் தேய்ச்சது நாந்தானுங்க. இந்த ஊட்டுக்கு வந்த புதுசுல எனக்கு யாரையும் தெரியாது. எங்கய்யன் குடுத்துவுட்ட காசுன்னு இதைத்தான் கையில வெச்சுத் தடவிக்கிட்டு ஒக்காந்திருப்பேன். எங்க மாமியா கேட்டதுக்கு, அவியளும் அப்பிடித்தான் இருந்தாங்களாமா. தேயாம என்னங்க செய்யும்?"

அப்பா முதல் தடவையாகத் தாம்பாளத்தைப் பார்த்தார். கையை நீட்டிக் காசை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். பையில் கையை விட்டு எட்டணா தேடுகிற அதே தடவல்தான், ஆனால் ரொம்ப நேரம் தடவினார். பிறகு அந்த அம்மாவிடம் கேட்டார்.

"காசு திரும்பி உங்க ஊட்டுக்கே வந்துருமுன்னு சொல்றீங்க. எம்பொண்ணு எங்க ஊட்டுக்குத் திரும்பி வருவாளுங்களா?"

இவ்வளவு நாளும் அப்பாவை உறுத்தியது இதுதான். விலை, கௌரவம், விற்பனை என்று அவர் கத்தியதெல்லாம் வெளிப்பேச்சு. எனக்கு அது அந்த நிமிஷம்தான் உறைத்தது. இத்தனை வருஷம் கூட இருந்து என்ன பிரயோஜனம் என்று என் மேலேயே கோபம் வந்தது.

"ஏன் வராம? பஸ்ஸு இருக்குதுங்களே. நெனச்சப்பெல்லாம் ஏத்தி உடறோம். நீங்களும் வாங்க. உங்களுக்கும் இங்க ஊடு இருக்குதுங்க" என்றார் அந்த அம்மா.

அப்பா விரலை மடக்கிக்கொண்டார். தாய்மாமன் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, கறியை இறக்குங்கடா என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

சாப்பாட்டில்தான் அடுத்த கூத்து. வீடு போய்ச் சேர்கிற வரைக்கும் கையை விரிக்கக் கூடாது என்று தாய்மாமன் சொல்லிவைத்தார். சும்மா வேடிக்கைக்குச் சொன்னது, கொஞ்ச நேரம் கழித்து, ஜோப்பில் போட்டுக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை. வலது கை மூடியபடி இருக்கிறது, இலையில் சாமைச் சோறு, மிளகு அரைத்துப் போட்ட நாட்டுக்கோழிக் குழம்பு. வேறு வழியில்லாமல் நான் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டினேன். காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரம் இருந்ததென்னவோ உண்மைதான், ஆனால் எனக்கும் அப்போது கண்ணில் தண்ணீர், நான் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தனை வளைவும் இறங்கிப் போனார்.

கல்யாணம் சில மாதம் கழித்து மலையிலேயே நடந்தது. அந்த மாதங்களில் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் காசைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பின்பக்கத்தையாவது பார்க்கிறேன், வருஷத்தின் கடைசி எண் தெரிந்தாலும் போதும் என்று கெஞ்சினேன். பொண்ணு தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். வழக்கம் என்று பெயர் வைத்தால் காசு காசில்லாமல் போய்விடுமா என்று வாதம் பண்ணின மனுஷன்தான் இவர்.

தாலி கட்டி முடிந்து, சாப்பாடும் முடிந்து, நான் அந்த வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். அப்பா வேட்டி மடிப்பிலிருந்து காசை எடுத்தார். எடுத்தவர் உடனே கொடுக்கவில்லை. தாய்மாமன் கனைத்தார். என் மாமியார் அவரைச் சும்மா இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அப்புறம்தான் அப்பா அதை என் உள்ளங்கையில் வைத்தார். தொட்டதுமே சூடு தெரிந்தது, உடம்போடேயே வைத்திருந்திருக்கிறார். என் புத்தி என்னை விடுமா, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்றைக்குத் தாம்பாளத்தில் பார்த்தபோது ராசாவுக்கு மூக்குத்தான் இல்லை, காது இருந்தது. இப்போது காதும் மழமழவென்று இருந்தது. புளி போட்டு விளக்கிய மழமழப்பு இல்லை, அது எனக்குத் தெரியும்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கொஞ்சம் தேஞ்சிருக்கும் கண்ணு. விலை கொறஞ்சிருந்தா ஒண்ணும் நெனைச்சுக்காத."